இன்னும் ஒரு நூற்றைம்பது வோல்ட்

மோட்டார் காயில் கட்டும் கடையில் அவளைக் காயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த முதலாளியே, "காயிலக்கா, அந்தப் பம்புசெட்டுக்காரர் வந்து கத்திட்டுப் போறார், முடிஞ்சுதா இல்லையா?" என்பார். அம்மா அப்பா வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கடை ஒரு நீளமான அறை. வாசல் பக்கம் எரிந்துபோன மோட்டார்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். நடுவில் வார்னிஷ் சட்டி. கடைசியில், ஜன்னலை ஒட்டி, அவளுடைய மேஜை. கையால் சுற்றும் இயந்திரத்தில் செம்புக் கம்பியை ஓடவிட்டு, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும். அதனால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. வருஷக்கணக்கில் அப்படியே பழகி, அவள் எண்ணாத நேரத்திலும் யாரும் பேச்சுக் கொடுக்காமல் ஆகிவிட்டது.

அவள் ரேடியோவுக்குள் வந்த கதை சின்னதுதான். ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரைத் துணிப்பையில் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு சார்? வெல்டிங்குக்கா?" என்று கேட்டாள்.

"ரேடியோவுக்கும்மா. கேக்கற ரேடியோ இல்ல, பேசற ரேடியோ. வீட்டு மாடியில கம்பி கட்டி வெச்சிருக்கேன். கடல் தாண்டி இருக்கறவங்களோடகூடப் பேசுவேன்."

"அதுக்குத்தான் போன் இருக்கே சார்."

"போன்ல தெரிஞ்சவங்களோடதான் பேச முடியும்."

அந்தப் பதில் அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்து கொடுத்தபோது, அந்த ரேடியோவில் பேச என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும் என்றார். எழுதினாள். முதல் தடவை கோட்டை விட்டாள், இரண்டாம் தடவை தேறினாள். அவளுக்கென்று எழுத்தும் எண்ணுமாக ஓர் அழைப்புக்குறி வந்தது. ஒரு சின்ன ரேடியோ பெட்டி வாங்கி, குடியிருந்த மாடி வீட்டின் சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு மேஜை போட்டு வைத்தாள்.

அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் காது சுத்தமாக அடைத்துவிட்டது. நீளமாகப் பேசினால் ஒன்றும் ஏறாது. "சாப்பிடு." "மாத்திரை." "கடைக்குப் போறேன்." ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க. பதில் வரவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம்; இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அந்தச் சத்தத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. தங்கச்சி கணவன் பிள்ளைகளோடு வேறு ஊரில் இருந்தாள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. மற்றதெல்லாம் பரணுக்குப் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியோவில் ஒரு கூட்டம் கூடும். அதைக் கட்டி மேய்ப்பவர் அந்த மூக்குக்கண்ணாடிக்காரர்தான். ஒவ்வொருவரையும் அழைப்புக்குறி சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் எப்படிக் கேட்கிறது, என்ன சேதி என்று சொல்லி, அடுத்தவருக்கு விடுவார்கள். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர், ஒரு பல் டாக்டர், ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்று ஏழெட்டுப் பேர். ரொட்டிக்கடைக்காரர் தன் அடுப்பு மக்கர் பண்ணிய கதையைச் சொல்வார். டாக்டர், "அடுப்புக்கும் பல்லு பிடுங்கணுமா?" என்பார். சிரிப்பு ஓய ஐந்து நிமிஷம் ஆகும்.

கடைசியில் காயிலக்காவின் முறை வரும்.

"எல்லாரும் நல்லா கேக்குது. இங்க வெயில். வேற ஒண்ணும் இல்ல. நன்றி. முடிச்சுக்கறேன்."

"நன்றி மேடம்" என்பார் மூக்குக்கண்ணாடிக்காரர். அத்தோடு கூட்டம் கலைந்துவிடும்.

இப்படியே சில வருஷங்கள். மற்றவர்களிடம் ஆளுக்கு நாலு கேள்வி கேட்கிறார்கள், தன்னிடம் மட்டும் ஏன் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்று யோசித்து யோசித்து, அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் சிக்னல் போதவில்லை. பெட்டி சின்னது. மாடியில் கட்டிய கம்பிக்கு இரண்டு பக்கமும் உயரக் கட்டடங்கள். இரைச்சலுக்கு நடுவில் அரையும் குறையுமாகத்தான் கேட்கும்போல. மரியாதைக்காக நன்றி சொல்லி விட்டுவிடுகிறார்கள்.

காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியமும் தெரிந்துவிடும் அல்லவா. கப்பல்காரர் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆட்டோவில் போட்டு எடுத்து வந்தாள். ரேடியோ கொடுக்கும் சன்னமான சக்தியை வாங்கிப் பத்து மடங்காக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புகிற பெட்டி அது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடி வால்வு. அதற்குத் தீனி போட, நாய்க்குட்டி கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஆனால் பெட்டி சொன்னபடி வேலை செய்யவில்லை. வால்வுக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வருவதோ தொள்ளாயிரம்தான். யாரோ எப்போதோ பழைய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததும் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடிக்காரரிடம் போனில் கேட்டாள்.

"வோல்டேஜ ஏத்தலாம்மா, ஏத்தக் கூடாதுன்னு இல்ல. ஆனா ஏத்தினது மீட்டர்லதான் தெரியும். அந்தப் பக்கம் கேக்கறவன் காதுக்குத் தெரியாது. சக்தி ஒண்ணரை மடங்கு ஆனாக்கூட, காதுக்கு அது ஒரு மயிரிழைதான்."

அது அவளுக்கும் தெரிந்த கணக்குதான், பரீட்சைக்குப் படித்தது. இருந்தாலும் அந்த மயிரிழைதான் குறைகிறதோ என்னவோ என்று மனசு கேட்கவில்லை.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். கடையிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்து, அது தருகிற இருபத்து நாலு வோல்ட்டை வீட்டுக் கரண்டோடு வரிசையில் சேர்த்து, பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு விட்டாள். உள்ளே போவது பத்தில் ஒரு பங்கு கூடினால் வெளியே வருவதும் அதே அளவு கூட வேண்டும். மீட்டரைப் பார்த்தாள். கூடுவதற்குப் பதில் குறைந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு முனையையும் தலைகீழாக மாட்டியிருக்கிறாள். சேர்க்க வேண்டியது கழித்துக்கொண்டிருக்கிறது. "நல்ல காயிலக்காதான் போ" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் அன்றைக்கு அந்த வீட்டில் ஒலித்த முதல் குரல் அது என்று உறைத்தது.

முனைகளை மாற்றினாள். வோல்டேஜ் ஏறியது. கூடவே வால்வின் இழையும் வழக்கத்தைவிட வெளுத்துப்போய் எரிந்தது. பட்டென்று அணைத்தாள். அந்த இழையைச் சூடாக்கும் கரண்டும் இதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வருகிறது. முன்பக்கம் ஏற்றினால் எல்லாம் சேர்ந்தே ஏறும். இப்படியே விட்டால் நாலு வாரத்தில் வால்வு கண்ணை மூடிவிடும். வேறு வழியில்லை, உயர் வோல்டேஜ் சுற்றை மட்டும் தனியாக வளர்க்க வேண்டும். அதாவது டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, மேலே இன்னும் கம்பி சுற்ற வேண்டும்.

அதைக் கடைக்குத் தூக்கிப்போனாள். முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி மோட்டாரு?"

"என்னோடது முதலாளி. பேசற ரேடியோவுக்கு, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல வரணும். சாப்பாட்டு நேரத்துல பாத்துக்கறேன்."

"பேசறதுக்கு ஆயிரம் வோல்ட்டா? எங்க வீட்டம்மாவுக்கு ஒரு வோல்ட்கூட வேண்டாமே, தெருக்கோடி வரைக்கும் கேக்கும்!"

சுற்றுகளுக்கும் இரும்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று முதலில் பார்த்தாள். ஒரு விரல் நுழையாது. ஒரு பென்சில் நுழையும். மெல்லிய கம்பியில் இரண்டு அடுக்கு தாராளமாக உட்காரும். பிரிக்கும் முன்பு, அந்த இடைவெளி வழியாகச் சாதாரண வயரை இருபது சுற்றுச் சுற்றி, கரண்ட் கொடுத்து அளந்தாள். பத்து வோல்ட் காட்டியது. ஆக, ஒரு வோல்ட்டுக்கு இரண்டு சுற்று. இன்னும் நூற்றைம்பது வோல்ட் வேண்டும். முந்நூறு சுற்று.

பிறகு இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி உருவினாள். பழைய வார்னிஷ் பிடித்துக்கொண்டு முதல் தகடு வருவேனா என்றது. அது வந்ததும் மற்றவை வழிக்கு வந்தன. மேல் காகிதத்தைப் புதுப்பித்து, புதுக் கம்பியைப் பழைய சுற்றின் முனையில் பற்றவைத்து, சுற்றிய திசையிலேயே சுற்றினாள். அடுக்குக்கு நடுவில் காகிதம். எண்ணிக்கொண்டே இருந்தவள் நூற்றெண்பதில் நிறுத்தினாள். எத்தனையோ பேருடைய பம்புக்கும் மாவு மிஷினுக்கும் எண்ணியிருக்கிறாள். தனக்கென்று எண்ணுவது இதுதான் முதல் தடவை. கம்பியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நூற்றெண்பத்தொன்றிலிருந்து தொடர்ந்தாள்.

வார்னிஷ் காய்ந்து வீட்டுக்கு எடுத்துப் போகும்போது முதலாளியிடம் சொன்னாள்: "சனிக்கிழமை மத்தியானம் இதுக்குக் கரண்ட் கொடுக்கப் போறேன். திங்கட்கிழமை கடைக்கு வரலேன்னா வீட்டுக்கு வந்து பாருங்க."

முதலாளி சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அவ்வளவு ஆபத்தா?"

"ஆபத்துதான். பாத்துத்தான் செய்வேன். இருந்தாலும் வேற யாருகிட்ட சொல்றது?"

வோல்டேஜை ஏற்றினால் அதைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்களும் தாங்க வேண்டும். ஏற்கெனவே வரிசையில் நாலு இருந்தன; எல்லாம் சேர்ந்து ஆயிரம்தான் தாங்கும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தாள். சனிக்கிழமை, உலர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, கரண்ட் அடித்தாலும் நெஞ்சு வழியாக மறு கைக்குப் பாயாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஸ்விட்சைப் போட்டாள். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. மீட்டர் முள் எண்ணூறைத் தாண்டி, தொள்ளாயிரத்தைத் தாண்டி, ஆயிரத்து ஐம்பதில் போய் நின்றது. வால்வின் இழை எப்போதும்போல ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது.

சந்தோஷத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். கட்டில், ஸ்டவ், கொடியில் காயும் துண்டு. மீண்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை கூட்டத்துக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. முதலாளி.

"என்னம்மா, இருக்கியா?"

"இருக்கேன் முதலாளி."

"சரி சரி. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்னு தோணிச்சு."

"நன்றி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் அவள் முறை வந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தினாள். "எல்லாரும் நல்லா கேக்குது. இங்க... மேகமா இருக்கு. என் சிக்னல் இன்னிக்கு எப்படி வருது?"

"வழக்கம்போலத்தான் மேடம். நல்லா வருது."

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா? ஆம்ப்ளிஃபையர் போட்டிருக்கேன்."

"மீட்டர்ல கொஞ்சம் கூடியிருக்கு. மத்தபடி உங்க சிக்னல் எப்பவுமே கண்ணாடி மாதிரிதானே வரும்."

"எப்பவுமேன்னா?"

"ஆரம்பத்துலேருந்தே. டாக்டர் சார், நீங்க சொல்லுங்க."

"ஆமா மேடம்" என்றார் டாக்டர். "கூட்டத்திலேயே சுத்தமான சிக்னல் உங்களோடதுதான். நாங்கதான் கரகரங்கறோம்."

அவள் நன்றி சொன்னாள். முடித்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆம்ப்ளிஃபையரை அணைத்தாள், உள்ளிருந்த விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. இத்தனை வருஷமும் கேட்டிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. கேட்டும்தான் யாருக்கும் அவளிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. சிக்னல் போதவில்லை என்று நினைத்திருந்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் சோறு வடித்தாள், சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பேசவில்லை. பெட்டியை மட்டும் போட்டு, கேட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக்காரர் அவள் அழைப்புக்குறியைச் சொன்னார். ஸ்பீக்கரில் இரைச்சல். இன்னொரு தடவை சொன்னார். "மேடம் இன்னிக்கு இல்லபோல. சரி, முடிச்சுக்கலாம்." தான் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று அவள் காதாலேயே கேட்டாள். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

அந்த வாரம் தங்கச்சி போன் செய்தாள். மாதத்துக்கு ஒரு தடவை செய்வாள். பிள்ளைகள் நலம், வீட்டுக்காரருக்கு முதுகுவலி என்று சொல்லி முடித்ததும், காயிலக்கா வழக்கமில்லாமல் ஒன்று கேட்டாள்.

"ஏண்டி, நான் பேசினா உனக்கு எப்படி இருக்கும்?"

"என்னக்கா திடீர்னு?"

"சும்மா சொல்லு."

"கோவிச்சுக்காத. நீ பேசறதே இல்லக்கா. தந்தி அடிக்கற. நான் ஒண்ணு கேட்டா ஒரு வார்த்தை. அப்புறம் 'சரி, வெச்சிடறேன்'. நான் ஏதோ தொந்தரவு பண்ணிட்டேன்னு நினைச்சுக்குவேன். அதான் அடிக்கடி கூப்பிடறதில்ல."

"நான் உன்கிட்ட கோவமா இல்லடி."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

வழக்கமாகக் காயிலக்கா 'சரி, வெச்சிடறேன்' என்று சொல்கிற இடம் அது. ஆனால் வைக்கவில்லை. பிறகு தங்கச்சி, "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள். காயிலக்கா சொன்னாள். என்ன சாப்பிட்டாள், ஏன் உப்புக் கூடிப்போயிற்று, மீதியை என்ன செய்தாள் என்பதுவரை சொன்னாள். பேசப் பழகாத வாய்க்கு அதுவே மூச்சு வாங்கியது.

மூன்றாம் ஞாயிறு கூட்டத்துக்குப் போனாள். அவள் முறை வந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் கதையைச் சொன்னாள். முனைகளைத் தலைகீழாக மாட்டியதை, வால்வு வெளுத்துப்போனதை, முந்நூறு சுற்றை. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நீட்டிவிட்டாள். முடித்தபோது இரைச்சல்தான் பதில் சொன்னது. பிறகு மூக்குக்கண்ணாடிக்காரர், "ரொம்ப நல்லது மேடம். நேரமாச்சு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

காது மடல் சுட, ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். அப்போது ஸ்பீக்கரில் ரொட்டிக்கடைக்காரரின் குரல்.

"மேடம், போயிட்டீங்களா?"

"இல்ல, இருக்கேன்."

"அந்த முனை மாறியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என் பெட்டியிலயும் வோல்டேஜ் குறைச்சலாத்தான் இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. யார்கிட்டயும் கேட்டதில்ல."

விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டதையே திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னாள். பிறகு அவர் அடுப்பைப் பற்றி ஆரம்பித்தார். அந்த அடுப்பின் கதவு, அதன் கீல், அந்தக் கீல் எந்தெந்தக் கடையில் கிடைக்கவில்லை என்பது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அலுப்பாகத்தான் இருந்தது. நாலு பேரோடு சேர்ந்து கேட்கும்போது வேடிக்கையாக இருந்த மனிதர், தனியாகக் கேட்கும்போது அறுவையாக இருந்தார். ஆனாலும் இருந்தாள். "அப்புறம்?" என்றுகூட ஒரு தடவை கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மேலும் பத்து நிமிஷம் பேசினார்.

சில வாரம் இப்படிப் போயிற்று. கூட்டம் முடிந்ததும் அவர் கூப்பிடுவார். பிறகு ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போனார். அடுத்த வாரமும் அவர் இல்லை.

தன் முறை வந்தபோது காயிலக்கா, "ரொட்டிக்கடைக்காரர் ரெண்டு வாரமா இல்லியே, யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. அவர் போன் நம்பர்கூட யாரிடமும் இல்லை. எந்தத் தெருவில் கடை என்றும் தெரியாது. இத்தனை வருஷம் அடுப்புக் கதை கேட்டுச் சிரித்தவர்கள்தான். எல்லோரும் கொஞ்சம் சங்கடமாக இருமிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் ஆம்ப்ளிஃபையரை அணைக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரரின் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள். பொத்தானை விட்டுக் கேட்டாள். இரைச்சல். மீண்டும் கூப்பிட்டாள். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகி வார்னிஷ் வாசனை வரும்வரை கூப்பிட்டாள். பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்துவிட்டார். காற்றில் ஆன்டெனா கம்பம் சாய்ந்து பக்கத்து வீட்டு ஓட்டில் விழுந்துவிட்டதாம். ஓட்டை மாற்றிக் கொடுத்து, அவர்களைச் சமாதானப்படுத்தி, கம்பத்தை நிமிர்த்த இத்தனை நாள் ஆயிற்றாம். "எத்தனை வாரம் வரலேன்னு யாரு கணக்கு வெச்சிருக்கப் போறீங்க" என்று சிரித்தார்.

"மேடம் தேடினாங்க" என்றார் டாக்டர். "நாங்க எல்லாரும் போனப்புறமும் உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் பெட்டியை அணைக்க மறந்துட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தது."

ரொட்டிக்கடைக்காரர் பொத்தானை அழுத்திய 'டிக்' சத்தம் கேட்டது. பின்னால் ஏதோ பாத்திரம் நகரும் ஓசை மட்டும் வந்தது. "அப்படியா" என்றார். பிறகு, "அப்படியா மேடம்" என்றார். பொத்தானை விட்டுவிட்டார்.

மூக்குக்கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். காயிலக்கா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.